கடன் அடைந்த பிறகு: ஆல்ட்ரிச் ஏம்ஸ் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

1983ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மூன்று ஊழியர்களைப் பற்றி மூன்று முடிவுகள் எடுத்தது. மூவருக்கும் குடி சம்பந்தமான பழைய கதை உண்டு.

முதலாமவர் ஒரு கூலித் தொழிலாளி. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டனில், டிரைடென்ட் நீர்மூழ்கிகளைப் பழுதுபார்க்கும் கடற்படைத் தளத்தில் 1981 நவம்பரில் வேலைக்குச் சேர்ந்தவர். பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டதால் 1983 ஜூலை 15 முதல் அவருக்கு வேலை இல்லை.

இரண்டாமவர் எட்வர்ட் லீ ஹோவர்ட். 1981இல் சி.ஐ.ஏ.வில் சேர்ந்து, மாஸ்கோவுக்கு அனுப்புவதற்காகத் தயார் செய்யப்பட்டவர். புறப்படுவதற்கு முன் நடந்த, பொய்யைக் கண்டறியும் பாலிகிராஃப் சோதனையில் போதைப்பொருள், சில்லறைத் திருட்டு, குடி எல்லாம் வெளியே வர, 1983 மே மாதம் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

மூன்றாமவர் ஆல்ட்ரிச் ஏம்ஸ். மெக்சிகோ சிட்டியில் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் மதுவில் மிதந்துவிட்டுத் திரும்பியவர். 1983 செப்டம்பரில் அவருக்குக் கிடைத்தது, சோவியத் யூனியனுக்கு எதிரான உளவு வேலைகளை ஆராயும் பிரிவு ஒன்றின் தலைமைப் பொறுப்பு. சோவியத்துக்குள் சி.ஐ.ஏ.வுக்காக உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த கிட்டத்தட்ட எல்லோருடைய கோப்புகளும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தன.

இந்த ஆய்வு மூன்றாமவரைப் பற்றியது. பின்னால் சோவியத்துக்கு ரகசியங்களை விற்றவர் அவர். மற்ற இருவரையும் கூடவே வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அவர் கதை சரியாகப் புரியும் என்பது என் எண்ணம்.

கிளியரன்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாதுகாப்பு அனுமதி அடிப்படையில் ஓர் ஊகம். அரசு ரகசியத்தை இவரிடம் கொடுத்தால் காப்பாற்றுவாரா என்று முன்கூட்டியே கணிப்பது. பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் போய் விசாரிக்கிறோமே, ஏறக்குறைய அதே வேலை. குடிப்பழக்கம் உண்டா, கடன் கிடன் இருக்கிறதா, சொன்ன சொல்லில் நிற்பவரா? கேள்விகளும் அவையேதான். இன்று நடப்பில் உள்ள அமெரிக்க விதித்தொகுப்பு 'சீட் 4' எனப்படுகிறது. 2017 ஜூன் 8 முதல் அமலில் இருக்கிறது. அதில் உள்ள 13 விதிகளில் 'ஈ' தனிநபர் நடத்தையைப் பற்றியது, 'எஃப்' பண நிலைமையைப் பற்றியது, 'ஜி' மதுவைப் பற்றியது. ஏம்ஸ் இந்த மூன்றிலும் சிக்கக்கூடியவர். ஒன்றில்கூடச் சிக்கவில்லை.

குடி

ஏம்ஸின் அப்பா கார்லெட்டனும் சி.ஐ.ஏ. ஊழியர்தான், பர்மாவில் பணியாற்றியவர். அவருக்கும் குடிப்பிரச்சினை இருந்தது, அது அவருடைய பணி மதிப்பீட்டையும் பாதித்தது. மகன் 1962இல் எழுத்தராக அங்கேயே நிரந்தர வேலையில் சேர்ந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் வாஷிங்டனில் குடிபோதைக்காகக் கைதானார். 1963இல் வேகமாக வண்டி ஓட்டியதற்கு ஒரு வழக்கு, 1965இல் கண்மண் தெரியாமல் ஓட்டியதற்கு ஒரு வழக்கு. இவற்றில் ஒன்றிலாவது மதுவுக்குப் பங்கு உண்டு.

1973 கிறிஸ்துமஸ் விருந்தில், சி.ஐ.ஏ. தலைமையகத்திலேயே, நிற்க முடியாத அளவுக்குக் குடித்தார். பாதுகாப்பு அலுவலகத்து ஆட்கள்தான் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் விருந்தில் ஒரு பெண் ஊழியருடன் பார்க்கக்கூடாத நிலையில் பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் கண்ணில் பட்டார். கவனியுங்கள், இரண்டு முறையும் பார்த்தவர்கள் பாதுகாப்புத் துறைக்காரர்களே. ஊர் விசாரிக்கப் போகிறவர்களே நேரில் பார்த்துவிட்டார்கள்.

1976இல் நியூயார்க்கில் ரகசிய ஆவணங்கள் இருந்த கைப்பெட்டியைச் சுரங்க ரயிலில் விட்டுவிட்டு இறங்கிவிட்டார். ரகசியமாகத் தகவல் தரும் ஒரு சோவியத் ஆளை, உளவு மொழியில் சொன்னால் ஓர் 'ஆதாரத்தை', காட்டிக்கொடுக்கக்கூடிய காகிதங்கள் அதில் இருந்தன. எஃப்.பி.ஐ. எப்படியோ பெட்டியை மீட்டது. தண்டனை? வாய்மொழியாக ஒரு கண்டிப்பு.

அப்புறம் மெக்சிகோ, 1981 முதல் 1983 வரை. மதியச் சாப்பாட்டுக்குப் போனால் நீண்ட நேரம் கழித்துக் குடித்துவிட்டுத் திரும்புவது வழக்கமானது. தூதரக விருந்து ஒன்றில் கியூப அதிகாரி ஒருவருடன் போதையில் உரக்கச் சண்டை போட்டார். ஒரு சாலை விபத்துக்குப் பிறகு, உதவிக்கு அனுப்பப்பட்ட தூதரகப் பாதுகாப்பு அதிகாரியையே அடையாளம் தெரியாத நிலையில் இருந்தார். இதையெல்லாம் பார்த்த ஒரு மேலதிகாரி, இவர் வாஷிங்டனுக்குத் திரும்பியதும் குடிப்பழக்கத்துக்கு ஆலோசனை தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். அந்த ஆலோசனை ஒரே ஓர் உரையாடலோடு முடிந்தது.

ரோமில் 1986 முதல் 1989 வரை இருந்தபோதும் மாறவில்லை. அதற்குள் அவர் சோவியத்தின் ஆள் ஆகியிருந்தார். ஒரு விருந்தில் குடித்துவிட்டு விருந்தாளி ஒருவருடன் வாக்குவாதம் செய்து, தனியே வெளியேறித் தெருவில் விழுந்து, கண் விழித்தபோது உள்ளூர் மருத்துவமனையில் இருந்தார். சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.க்குத் தன் முக்கியமான ஆள் சாக்கடை ஓரத்தில் கிடக்கிறான் என்று தெரிந்திருந்தால் தூக்கம் போயிருக்கும்.

இப்படிப் பட்டியல் போடும்போது ஒரு தவறு நேர்ந்துவிடும். குடிகாரர், அதனால் துரோகி என்று முடிச்சுப் போடத் தோன்றும். அது சரியில்லை. அந்தக் காலத்துச் சி.ஐ.ஏ.வில் ஏம்ஸ் அளவுக்குக் குடித்தவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். அவர்கள் நாட்டை விற்கவில்லை. சுற்றிலும் எல்லோரும் குடிப்பதால்தான் இவர் குடி தனியாகத் தெரியவும் இல்லை. மது விதி கவலைப்படுவது கிளாஸின் எண்ணிக்கையைப் பற்றி அல்ல. போதையில் நிதானம் தவறுகிறவரா, வேலை நேரத்தில் குடிக்கிறவரா, போலீஸ் வரை போகிறதா என்பதைப் பற்றி. கியூப அதிகாரியுடன் கத்திய இரவில் ஏம்ஸ் வாயிலிருந்து எதுவும் வெளியே வந்திருக்கலாம். சுரங்க ரயிலில் விட்ட கைப்பெட்டியும் அதே கவனக்குறைவைத்தான் காட்டியது.

கடன்

மெக்சிகோவில் அவருக்கு மரியா டெல் ரொசாரியோ காசஸ் டுபூய் அறிமுகமானார். கொலம்பியத் தூதரகத்தின் கலாச்சார அதிகாரி, சி.ஐ.ஏ. பணம் கொடுத்து வைத்திருந்த ஆதாரமும்கூட. ஏம்ஸுக்கு அப்போது மனைவி நான்சி இருந்தார். தன் நிறுவனத்தின் ஆதாரத்தோடு, அதுவும் வெளிநாட்டவரோடு, உறவு வைத்துக்கொள்வது சாதாரண மீறல் இல்லை. வெளிநாட்டவர் தொடர்பை உடனுக்குடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதியையும் அவர் பொருட்படுத்தவில்லை. தன் சகாக்களிடம் மட்டும் மறைக்கவில்லை. அவர்களும் மேலே சொல்லவில்லை.

விவாகரத்தில் கணக்கு இப்படி வந்தது: தம்பதியின் பழைய கடன்கள் முழுக்க ஏம்ஸ் பொறுப்பு. கூடவே நான்சிக்கு மூன்றரை ஆண்டுகள் மாதாமாதம் பணம். மொத்தம் ஏறக்குறைய 46,000 டாலர். இன்னொரு பக்கம் ரொசாரியோவோடு புதுக் குடித்தனம். அவர் கை தாராளமானது. 1984 கடைசியில் ஏம்ஸ் பணத்துக்கு என்ன வழி என்று யோசித்தபோது வங்கிக் கொள்ளைகூட மனதில் வந்து போனதாகப் பின்னால் சொன்னார்.

1985 ஏப்ரல் 16 அன்று வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் நடந்து போய் ஓர் உறையைக் கொடுத்தார். கேட்ட தொகை 50,000 டாலர். அவர் கடனையும் இந்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடீஸ்வரனாகும் கனவோடு போனவர் கேட்கிற தொகை அல்ல இது. கடனை அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க நினைத்தவர் போட்ட கணக்கு. முதலில் கொடுத்ததும் சோவியத்துகளே அனுப்பிவைத்த போலி ஆட்களின் விவரம்தான், அவர்களுக்குப் பைசா பிரயோஜனமில்லாதது, அதனால் இது ஒரு சின்ன ஏமாற்று வேலை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மே மாதம் பணம் வந்தது. கடன் தீர்ந்தது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஜூன் 13 அன்று ஜார்ஜ்டவுனில் சாட்விக்ஸ் என்ற உணவகத்தில், சோவியத் தூதரக அதிகாரி செர்கேய் சுவாகினுடன் மதிய உணவின்போது, சில கிலோ எடையுள்ள காகிதங்களைக் கொடுத்தார். சி.ஐ.ஏ.வுக்கும் எஃப்.பி.ஐ.க்கும் சோவியத்துக்குள் இருந்த மிக முக்கியமான ஆதாரங்கள் பத்துப் பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். இந்த முறை அவர் விலைகூடப் பேசவில்லை. தன்னைப் பற்றித் தகவல் தரக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் இருக்கும்வரை தனக்கு ஆபத்து என்ற பயமும் அதில் கலந்திருந்தது. கே.ஜி.பி. தானாகவே 20 லட்சம் டாலர் அவருக்கென ஒதுக்கியிருப்பதாகச் சொல்லி அனுப்பியது.

காட்டிக்கொடுக்கப்பட்டவர்களில் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். சோவியத் ராணுவ உளவுத்துறை ஜெனரல் டிமிட்ரி பொலியகோவ் அவர்களில் ஒருவர். டெல்லியில் பணியாற்றியவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவுக்குத் தகவல் தந்தவர், ஓய்வு பெற்றபின் பிடிபட்டு 1988இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கேதான் நான் அதிகம் யோசித்தேன். இன்றைய 'எஃப்' விதியைக் கையில் வைத்துக்கொண்டு 1985 தொடக்கத்து ஏம்ஸைப் பார்த்தால், அந்தக் கடனுக்காக அவருடைய அனுமதி போயிருக்குமா? அனேகமாகப் போயிருக்காது. கடன் எப்படி வந்தது என்று அந்த விதி கேட்கிறது. வேலை போனது, எதிர்பாராத மருத்துவச் செலவு, துணையின் மரணம், விவாகரத்து போன்ற தன் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களால் வந்திருந்து, அந்த நிலையிலும் பொறுப்பாக நடந்துகொண்டிருந்தால் அது தணிக்கும் அம்சம். கடன் கொடுத்தவர்களோடு பேசித் தவணை போட்டுக் கட்ட ஆரம்பித்திருந்தால் அதுவும் தணிக்கும் அம்சம். ஏம்ஸுக்கு அரசுச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. மேலதிகாரியிடம் போய் "விவாகரத்தால் மாட்டிக்கொண்டேன், இப்படிக் கட்டப்போகிறேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் கொஞ்சம் அவமானம், அவ்வளவுதான். தாங்கமுடியாத கடன் என்று அவர் நினைத்தது தாங்கக்கூடிய கடன். பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டார்.

பணம் வந்தபிறகு

கடனாளியைப் பற்றிச் சந்தேகப்படத் தெரிந்த அமைப்புக்கு, திடீரென்று கடன் தீர்ந்தவனைப் பற்றிச் சந்தேகப்படத் தெரியவில்லை. 

1989இல் ரோமிலிருந்து திரும்பிய ஏம்ஸ், வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் 5,40,000 டாலருக்கு வீடு வாங்கினார். வீட்டுக்கடன் இல்லாமல் மொத்தமாகக் கொடுத்து. அவருடைய ஆண்டுச் சம்பளம் 70,000 டாலரைத் தாண்டியதில்லை. பிறகு ஒரு ஜாகுவார் கார். வீட்டைப் புதுப்பிக்க ஒரு பெருந்தொகை. கொலம்பியாவுக்கு ரொசாரியோ பேசிய தொலைபேசிக்கே மாதம் ஆயிரக்கணக்கில். சிகரெட்டால் மஞ்சளேறிக் கிடந்த பற்களுக்குப் புது உறை போட்டுக்கொண்டார். ரெடிமேட் உடுப்பிலிருந்து அளவெடுத்துத் தைத்த சூட்டுக்கு மாறினார். யாராவது கேட்டால், மனைவி வீட்டில் வசதி என்பார். மாமனார் வீட்டுச் சொத்து என்ற பதில் எல்லா ஊரிலும் செல்லுபடியாகிற பதில்தான் போலிருக்கிறது.

1989 நவம்பரில் சக ஊழியர் ஒருவர் வாயைத் திறந்தார். மெக்சிகோ காலத்திலிருந்தே ரொசாரியோவை அறிந்தவர். அந்தக் குடும்பம் பணக்காரக் குடும்பம் இல்லை என்று அவருக்குத் தெரியும். முன்பு கையைப் பிசைந்துகொண்டிருந்தவரிடம் இவ்வளவு பணம் எப்படி என்று புகார் கொடுத்தார். விசாரணை ஒரே ஓர் ஆளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இடையில் இரண்டு மாதப் பயிற்சிக்குப் போனார். வேறு வேலைகளும் வந்தன. கொலம்பியாவில் விசாரித்தபோது, ரொசாரியோ குடும்பம் வசதியானதுதான் என்று ஒருவர் சொன்ன வார்த்தை அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது.

இன்னொன்றும் கையில் இருந்தது. அமெரிக்காவில் ஒருவர் 10,000 டாலருக்கு மேல் ரொக்கமாகப் போட்டாலோ எடுத்தாலோ வங்கி அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். கருவூலத் துறையில் கேட்டபோது ஏம்ஸ் பெயரில் அப்படி மூன்று அறிக்கைகள் கிடைத்தன. மூன்று. 1990இல் அவரை, எதிரியின் உளவாளிகளைக் கண்டுபிடிக்கும் எதிர் உளவு மையத்துக்கே வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

பாலிகிராஃப் என்ன ஆயிற்று? 1986 மே மாதம் ஒருமுறை, 1991 ஏப்ரலில் ஒருமுறை, இரண்டிலும் தேறினார். முதல் சோதனைக்கு முன் பயந்துபோய்க் கே.ஜி.பி.யிடம் யோசனை கேட்டிருந்தார். அவர்கள் மருந்தோ மந்திரமோ சொல்லவில்லை. நன்றாகத் தூங்கு, சோதனை நடத்துகிறவரிடம் இதமாகப் பழகு என்றுதான் சொன்னார்கள். 1991இல் சோதனை நடத்தியவர்களுக்குப் பண விவகாரத்தின் முழு விவரமும் கொடுக்கப்படவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாதவரிடம் பொய் சொல்வது சுலபம்.

முடிச்சு அவிழ்ந்தது 1992 ஆகஸ்டில். ஜீன் வெர்ட்டஃபே தலைமையில் ஒரு சின்னக் குழு, காணாமல் போன ஆதாரங்களின் கதையைக் கிளறிக்கொண்டிருந்தது. அதில் இருந்த சாண்டி கிரைம்ஸ், ஏம்ஸின் நாள்வாரி நடமாட்டத்தையும் வங்கிக் கணக்கையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தார். 1985 மே 17, சுவாகினுடன் மதிய உணவு. மே 18, 9,000 டாலர் வரவு. ஜூலை 2, மதிய உணவு. ஜூலை 5, 5,000 டாலர். ஜூலை 31, மதிய உணவு. அன்றே 8,500 டாலர். அந்தச் சந்திப்புகளை ஏம்ஸ் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டுத்தான் போயிருந்தார். சோவியத் அதிகாரியை ஆள்பிடிக்கப் போகிறேன் என்பது அவர் சொன்ன காரணம். இரண்டு கணக்குகளும் ஏழு ஆண்டுகளாக இரண்டு அலமாரிகளில் தனித்தனியே இருந்தன.

1993இல் எஃப்.பி.ஐ. களத்தில் இறங்கியது. செப்டம்பரில் அவர் வீட்டுக் குப்பையில் கிழித்துப் போட்ட மஞ்சள் துண்டுச் சீட்டு ஒன்று கிடைத்தது. போகட்டாவில் ஒரு சந்திப்பு பற்றிய குறிப்பு அது. 1994 பிப்ரவரி 21, விடுமுறை நாள். அவசரமாக அலுவலகத்துக்கு வரச்சொல்லி அழைத்தார்கள். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஜாகுவாரில் இருந்தபடியே கைதானார். அதுவரை அவர் வாங்கியிருந்தது ஏறக்குறைய 25 லட்சம் டாலர். ஏப்ரல் 28 அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. ரொசாரியோவுக்கு 63 மாதம்.

நடத்தை

குடியையும் கடனையும் பற்றிய விதிகளை எல்லோரும் கவனிக்கிறார்கள். நடத்தை விதி கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாதது. நேர்மை, பொறுப்பு, சட்டதிட்டத்துக்கு மதிப்பு என்று பொதுவாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஏம்ஸ் விஷயத்தில் எனக்கு இதுவே முக்கியமாகத் தோன்றுகிறது, ஏனென்றால் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும் சங்கதிகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கச் சொல்வது இந்த விதிதான். கைப்பெட்டி, கிறிஸ்துமஸ் விருந்து, அறிவிக்காத உறவு, தாமதமான கணக்குகள், மதியத் தூக்கம். எந்த ஒன்றும் வேலையைப் பறிக்கப் போதாது.

சி.ஐ.ஏ.வின் தலைமை ஆய்வாளர் ஃபிரெடரிக் ஹிட்ஸ் 1994இல் தந்த அறிக்கை இதைத்தான் சொன்னது. ஏம்ஸுக்கு ஒழுங்கும் இல்லை, ஆர்வமும் இல்லை, நம்பகத்தன்மையில் நல்ல பெயரும் இல்லை. ஆனாலும் மேலதிகாரிகள் அதைச் சகித்துக்கொண்டு, அவர் சறுக்கியபோதெல்லாம் துடைத்துவிட்டு, நல்ல வார்த்தைகளைத் தேடிப் பிடித்து எழுதி, அடுத்த மேலதிகாரியிடம் பாராட்டோடு அனுப்பிவைத்தார்கள் என்பது அதன் சாரம். கல்யாண விசாரணையில் ஊர்க்காரர்கள் செய்வதும் இதுவே. நமக்கெதற்குப் பொல்லாப்பு என்று "நல்ல பையன்தாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

ஹோவர்டின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓர் எச்சரிக்கை. அவர் விஷயத்தில் யாரும் மூடி மறைக்கவில்லை, பிடித்தார்கள், அனுப்பினார்கள். ஆனால் மாஸ்கோ ரகசியங்கள் தலைக்குள் இருக்க, வேலையும் இல்லாமல், கோபமும் குடியுமாக நியூ மெக்சிகோவுக்குப் போனவரை அப்புறம் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. 1984 தொடக்கத்தில் சாண்டா ஃபேயில் குடித்துவிட்டுத் துப்பாக்கியோடு தகராறு செய்து கைதானார். அதே ஆண்டு வியன்னாவில் கே.ஜி.பி.யைச் சந்தித்தார். மாஸ்கோவில் சி.ஐ.ஏ.வின் பொக்கிஷமாக இருந்த பொறியாளர் அடால்ஃப் டோல்காசேவை முதலில் காட்டிக்கொடுத்தவர் இவர்தான் என்று கருதப்படுகிறது. 1985 செப்டம்பரில், எஃப்.பி.ஐ. கண்காணிப்பில் இருக்கும்போதே, மனைவி ஓட்டிய காரிலிருந்து குதித்து, இருக்கையில் ஒரு பொம்மையை வைத்துவிட்டுத் தப்பி மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். அனுமதியைப் பறிப்பது காகிதத்தில்தான் நடக்கிறது. தெரிந்த ரகசியம் மனிதனோடே போகிறது.

வழக்குக்குப் பிறகு

ஹிட்ஸின் அறிக்கை 23 பேரைக் குறிப்பிட்டது. சி.ஐ.ஏ. இயக்குநர் ஜேம்ஸ் உல்ஸி அவர்களில் 11 பேருக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தார். யாரும் வேலைநீக்கம் செய்யப்படவில்லை. எழுந்த கூச்சலில் உல்ஸியே ஆண்டு முடிவில் பதவி விலகினார்.

விதிகள் மாறின. 1994 அக்டோபரில் வந்த சட்டமும், 1995 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட 12968 எண் நிர்வாக ஆணையும் ரகசியத்தைக் கையாளும் ஊழியர்களின் வங்கி, கடன், வெளிநாட்டுப் பயண விவரங்களைப் பார்க்க முன்கூட்டியே அவர்களிடம் ஒப்புதல் வாங்கும் முறையைக் கொண்டுவந்தன. விளக்க முடியாத வசதியும் விளக்க முடியாத கடனைப் போலவே கவலைக்குரியது என்பது இன்று 'எஃப்' விதியில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஏம்ஸுக்காகவே தைத்த சட்டை போல இருக்கும் வரி அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுவிசாரணை என்ற பழைய முறை போய், கடன் அறிக்கையும் கைது விவரமும் வந்தவுடன் மணியடிக்கும் தொடர் கண்காணிப்பு வந்துவிட்டது.

அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்கள் நிரப்பும் எஸ்.எஃப்.86 படிவத்தில் கேள்விகள் பல பக்கங்களுக்கு ஓடும். கடைசி ஏழு ஆண்டுகளில் 120 நாளுக்கு மேல் தவறிய கடன் உண்டா, குடியால் வேலையோ குடும்பமோ பாதிக்கப்பட்டதா, போலீஸ் வந்ததா? அமெரிக்கக் குடியுரிமை வாங்கிப் பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனங்களில் சேரும் நம் ஆட்களும் இதை நிரப்புகிறார்கள். பாதுகாப்புத் துறையின் விசாரணை அலுவலகம் பெயர்களை நீக்கி வெளியிடும் தீர்ப்புகளைப் படித்தால், கடன் வழக்குகள் குவிந்து கிடக்கும். அவற்றில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் உளவாளிகள் இல்லை. வரி கட்ட மறந்தவர்கள், கிரெடிட் கார்டில் மூழ்கியவர்கள். கடனைவிட, கடனை மறைத்தது தான் பலரை வீழ்த்துகிறது. கடன் 'எஃப்' விதியில் தணியலாம். படிவத்தில் தெரிந்தே பொய் சொன்னால் அது 'ஈ' விதிக்குப் போய்விடும், அங்கே தணிவது கடினம்.

அதனால் பிரெமர்ட்டன் தொழிலாளிக்கு மறுபடி வருகிறேன். கடற்படை அவர்மேல் சொன்ன காரணங்கள்: தாக்குதலுக்கும், தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருந்ததற்குமான பழைய தீர்ப்புகள்; குண்டு நிரப்பிய துப்பாக்கி வைத்திருந்ததற்கான இரண்டு தீர்ப்புகளை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டது; முன்பு குடிப்பிரச்சினை இருந்ததாகவும், தண்டனையின் கடைசி 28 நாட்களை மது மறுவாழ்வு மையத்தில் கழித்ததாகவும் அவரே சொன்னது. அவர் பதில் எழுதினார். தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டேன், ஏழு ஆண்டுக்கு முந்தையவற்றைப் படிவம் கேட்கவில்லை என்று நினைத்தேன், மூன்று ஆண்டுகளாக மது எனக்குப் பிரச்சினையே இல்லை என்றார். இன்றைய மது விதியில் மூன்று ஆண்டு நிதானம் பலமான வாதம். எழுதாமல் விட்டதுதான் இன்றும் உறுத்தும், வேண்டுமென்றே விட்டாரா என்ற கேள்வியில் நிற்கும்.

வழக்கு 'கடற்படைத் துறை எதிர் ஈகன்' என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 5க்கு 3 என்ற கணக்கில் அவர் தோற்றார். பாதுகாப்பு அனுமதி யாருக்கும் உரிமை இல்லை, அதைக் கொடுப்பதா மறுப்பதா என்பது நிர்வாகத்தின் கணிப்பு, வேலைநீக்கத்தை ஆராயும் அமைப்பு அந்தக் கணிப்பின் சரி தவறுக்குள் போகக்கூடாது என்றது தீர்ப்பு. அனுமதி வழக்குகளில் இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது.

அது வந்த நாள் 1988 பிப்ரவரி 23. அன்று ஏம்ஸ் ரோமில் பணியில் இருந்தார். அவருடைய அனுமதி செல்லுபடியாகவே இருந்தது. இன்னும் ஆறு ஆண்டுகள், அதில் இரண்டு நாள் குறைவாக, அப்படியே இருந்தது.